வெந்நீர்க் கடை குப்பம்மா அக்கா

திருத்தணி மெட்ராஸ் பக்கம் போய், சத்தியவேடு ஆந்திரா பக்கம் வந்த அந்தப் பங்குனியில்தான் குப்பம்மா அக்கா திருப்பதியில் வெந்நீர்க் கடை போட்டாள். போன வெள்ளிக்கிழமை காலையில் அவள் மகள் சரோஜா சித்தூரிலிருந்து போன் செய்தாள். “மாமா, அம்மா போயிட்டாங்க” என்றாள். “சரிம்மா” என்றேன். போனை மருமகளிடம் கொடுத்துவிட்டுத் தட்டில் மிச்சமிருந்த இட்லியைத் தின்று முடித்தேன். ருசி தெரியவில்லை என்று சொன்னால் பொய். தெரிந்தது. சட்னியில் உப்பு கம்மி.

அது எந்த வருஷம் என்று கேட்டால் எனக்கு நம்பர் சொல்ல வராது. எனக்கு எழுத்து தெரியாது. ஆந்திரா தனியாகப் பிரிந்தது, அப்புறம் ஐதராபாத்தோடு சேர்ந்தது, அப்புறம் இந்த ஊரெல்லாம் அந்தப் பக்கமும் அந்த ஊரெல்லாம் இந்தப் பக்கமும் மாறியது, அதுதான் என் கணக்கு. அக்கா பிறந்த ஊர் திருத்தணிக்குப் பக்கத்தில். அது அந்தப் பக்கம் போயிற்று. “இன்னாமே குப்பு, நீ இனிமே வேற ராஜ்ஜியம், ஊருக்கு வரணும்னா எங்கள கேட்டுக்கினு வா” என்று அவள் அண்ணன் கேலி பண்ணினார். அப்போது அது வெறும் கேலிதான்.

அவளைத் தெரிந்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். மரியாதையாக ‘அவர்’ என்று போடலாமே என்றாள். அக்காவை நான் அப்படிச் சொன்னதில்லை. இப்போது செத்த பிறகு மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அக்காவின் புருஷன் திருப்பதியில் ஒரு சத்திரத்தில் சமையல்காரர். காய்ச்சலில் போய்விட்டார். சரோஜா அப்போது கைக்குழந்தை. அண்ணன் வந்து ஊருக்கே கூப்பிட்டார். அக்கா போகவில்லை. சித்தூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவருக்கு ஸ்டேஷன் ரோட்டில் ஒரு கிடங்கு இருந்தது. கிடங்குக்குப் பின்னால் கிணற்றோடு ஒரு முற்றம். அதை வாடகைக்குப் பிடித்தாள். பெரிய அண்டாவில் வெந்நீர் போட்டு, ஓலைத் தட்டி மறைப்பு கட்டி, மலைக்குப் போகிற ஜனம் குளித்துவிட்டுப் போகலாம் என்று ஆரம்பித்தாள். பெட்டி படுக்கையை வைத்துவிட்டுப் போகலாம். பின் மூலையில் அடுப்பு வைத்துக் காபி. அவ்வளவுதான் கடை.

நான் வடமாலபேட்டைக்காரன். அப்போது ஜட்கா ஓட்டினேன். அக்காவை விட நாலைந்து வயது சின்னவன். ஸ்டேஷனில் இறங்கும் ஆட்களை அக்கா கடையில் விடுவேன், குளித்ததும் மலையடிவாரத்துக்குக் கொண்டுபோவேன், திரும்பி வந்தால் மறுபடி ஸ்டேஷனுக்கு. சாயங்காலம் என் குதிரை அவள் கிணற்றுத் தொட்டியில்தான் தண்ணீர் குடிக்கும். அந்த நேரம்தான் அக்கா என்னிடம் பேசுவாள்.

கடை திறந்த புதிதில் ஒருநாள், குளித்துவிட்டுப் போன ஒரு கூட்டத்தை ஸ்டேஷனில் இறக்கிவிட்டுத் திரும்பினேன். அக்கா சந்தோஷமாக இருந்தாள்.

“ஏழுமல, பாத்தியா, எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க.”

“உங்கிட்ட அப்படிச் சொன்னாங்களா?” என்றேன்.

“ஏன், உங்கிட்ட வேற மாதிரி சொன்னாங்களா?”

“எங்கிட்ட எதுக்குச் சொல்றாங்க? அவங்களுக்குள்ள பேசிக்கினு வந்தாங்க. தண்ணி சூடே இல்லியாம். பெட்டிக்குக் குடுத்த தகர வில்லையில தெலுங்குல நம்பர் போட்டிருந்துதாம். அத யாரு படிக்கிறதுன்னு திட்டினாங்க. ஒருத்தன் பெட்டிய இன்னொருத்தன் தூக்கினு போயி ஸ்டேஷன்ல அடிதடி ஆவ வேண்டியது.”

அக்கா கொஞ்ச நேரம் குதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டிக்காரனுக்குக் காது இருக்கிறது என்று வண்டியில் ஏறுகிற யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. குதிரைக்கு இருப்பது மாதிரி எனக்கும் முதுகு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். சண்டை, சம்பந்தம், யார் வீட்டு மருமகள் யாரோடு பேசுகிறாள், எல்லாம் என் முதுகுக்குப் பின்னால் வரும்.

“நாளைலேந்து அதெல்லாம் வந்து எங்கிட்டச் சொல்லு” என்றாள். “எதிர்ல நின்னுகினு கேட்டா நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. போவும்போது சொல்றதுதான் நமக்கு வேணும்.”

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. குதிரை தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அன்றைக்குக் கேட்டதை எல்லாம் ஒப்பிப்பேன். கேட்டது எனக்கு மறக்காது, அது ஒரு மாதிரியான தலை. தகர வில்லையை அக்கா தூக்கிப் போட்டாள். பழைய சேலைத் துணியை ரெண்டாகக் கிழித்து, ஒரு பாதியைப் பெட்டியில் கட்டி, ஒரு பாதியை ஆளிடம் கொடுத்தாள். திரும்பி வந்தால் கிழிசலும் கிழிசலும் சேர வேண்டும். எந்த மொழிக்காரனுக்கும் அது புரிந்தது. பெட்டி மாறவே இல்லை.

கேட்டதை எல்லாம் அவள் செய்ததும் இல்லை. சீட்டு விளையாட ஒரு பாய் போட்டால் என்ன என்று அரக்கோணத்து ஆட்கள் கேட்டதைச் சொன்னேன். “அவங்க வீட்டுப் பொம்பளைங்க வந்து என்னை அடிக்கறதுக்கா?” என்றாள். பீடி வைக்கச் சொன்னார்கள். வைத்துப் பார்த்தாள். குழந்தையோடு வந்தவர்கள் எழுந்து எழுந்து போனார்கள். எடுத்துவிட்டாள். “கேக்கறவன் ஒருத்தன். அதனால எழுந்து போறவங்க எத்தினி பேருன்னு பாக்கணும்ல” என்பாள்.

தண்ணீர் ஊற்ற கன்னியம்மா என்று ஒருத்தி வந்து சேர்ந்தாள். வரதய்யபாளையம் பக்கத்தவள். நிலமில்லாத சனம். புருஷனோடு திருப்பதிக்குக் கூலி வேலைக்கு வந்தவள். வாய் சும்மா இருக்காது. பாதி தெலுங்கு, பாதி தமிழ். என்னைப் பார்த்தாலே, “வாப்பா ஆகாசவாணி, இன்னிக்கு இன்னா சேதி?” என்பாள்.

ஆடி முடிகிற சமயத்தில் கிடங்குக்குச் சொந்தக்காரர் சித்தூரிலிருந்து வந்தார். வீட்டுக்காரர் என்றுதான் அவரைச் சொல்வோம். நல்ல மனுஷர், தடித்த உடம்பு, கையில் எப்போதும் விசிறி. கூட ஓர் ஓட்டல்காரரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எதிர்வரிசையில் ஓட்டல் வைத்திருந்தவர்தான். முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார்கள்.

“சூடு குப்பம்மா” என்றார் வீட்டுக்காரர். பார் என்பதற்குத்தான் சூடு, அவர் தமிழ் அப்படிப் பாதி தெலுங்காக இருக்கும். “நீ மஞ்சி மனுஷி. காதனலேது. ஆனா இங்க ஜனமே கனபடல. இவரு இடத்த அடுகுறாரு. புரட்டாசி வரைக்கும் சூஸ்தானு. பாகா நடந்தா உண்டு. லேதுன்னா இவருக்கு இச்சேஸ்தானு.”

புரட்டாசி வரைக்கும் பார்ப்பேன், கடை நன்றாக நடக்காவிட்டால் இடத்தை ஓட்டல்காரருக்குக் கொடுத்துவிடுவேன் என்கிறார். அக்கா தலையை ஆட்டினாள். அவர்கள் போன பிறகு கன்னியம்மா கேட்டாள், “இன்னாக்கா, நம்மள கெளப்பறாங்களா?” சரோஜா கிணற்றடியில் ஈரத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். அந்த இடம் போனால் அண்ணன் வீட்டுத் திண்ணையில்தான் போய் உட்கார வேண்டும். அது அக்காவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் குதிரை தண்ணீர் குடித்து முடித்த பிறகும் என்னை விடவில்லை. “ஏம்பா வர்றதில்ல ஜனம்? நீதான் கேக்கறியே, சொல்லு” என்றாள்.

“காபிதான்க்கா” என்றேன். அதைத்தான் வண்டியில் எல்லோரும் சொன்னார்கள். காபியா அது, கழனித்தண்ணி, எங்க வீட்டம்மா வாயிலகூட வைக்கல. இப்படி ஒருத்தர் இல்லை, வருகிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அக்காவும் கவனித்திருந்தாள். ஆண்கள் குடித்த தம்ளர் காலியாக வரும். பெண்களுக்குக் கொடுத்த தம்ளர் அப்படியே ஆறிப்போய், ஆடை கட்டித் திரும்பும்.

உடனே காபிப் பொடியை மாற்றினாள். அது போதவில்லை என்று பால்காரரோடு சண்டை. “தண்ணி ஊத்தறியா நீ?” என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள். அந்த மனுஷர் மாட்டின் மேல் சத்தியம் பண்ணினார். வேறு பால் பிடித்தாள். சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டுப் பார்த்தாள், மறுபடி சர்க்கரை. நான் குடித்துப் பார்த்துச் சொல்கிறேன், திருப்பதியில் அந்த மாதிரி காபி அப்போது எதிர் ஓட்டலில்கூட இல்லை. ஆனாலும் பெண்களின் தம்ளர் நிறைந்தே திரும்பி வந்தது.

ஒருநாள் அக்கா கேட்டாள். “ஏழுமல, பொம்பளைங்க இன்னா சொல்றாங்க?”

“ஒண்ணும் சொல்லல.”

“ஒண்ணும் சொல்லலியா, உனக்குக் கேக்கலியா?”

நான் அதை யோசித்ததே இல்லை. ஜட்காவில் ஏறினவர்களுக்குத் தெரியும். பாரம் முன்னால் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி பின்னால் சாய்ந்து குதிரையைத் தூக்கிவிடும். அதனால் கனமான ஆண்களை என் முதுகை ஒட்டி உட்கார வைப்பேன். பெண்களும் குழந்தைகளும் கடைசியில், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. அவர்கள் பேசினால் பேச்சு ரோட்டோடு போய்விடும். சக்கரச் சத்தம் வேறு. இத்தனை நாள் நான் கொண்டுவந்து கொட்டினது எல்லாம் ஆம்பிளைகள் பேச்சு. எங்க வீட்டம்மா வாயில வைக்கல என்று சொன்னது வீட்டம்மா இல்லை, வீட்டய்யா.

மறுநாள் ஒரு கூட்டம் மலையிலிருந்து திரும்பி, பெட்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பியது. ஒரு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “நானும் ஸ்டேஷன் பக்கம் போவணும், கரி வாங்கணும்” என்று அக்கா வண்டியின் பின்பக்கம் ஏறிக்கொண்டாள். பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒருமுறை எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். அப்புறம் சத்தமே இல்லை.

ஸ்டேஷனில் இறங்கி அவர்கள் உள்ளே போன பிறகு அக்கா வெறும் கூடையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“கரி வாங்கலியா?”

“காபி ரொம்ப நல்லாருக்காம்” என்றாள்.

“அப்புறம் இன்னாத்துக்குக் குடிக்கல?”

“குடிச்சா எங்க போறதுன்னு கேக்கறாங்க.”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஆண்களுக்கு எங்கேயும் ஒரு சுவர் இருக்கிறது. பெண்கள் விடியற்காலையில் ஊரில் கிளம்பும்போது போனது. ரயில், குளியல், மலை, வரிசை, தரிசனம், இறங்குவது. அதுவரை ஒன்றும் குடிக்காமல் வருகிறார்கள். அதில் ஒருத்தி பிள்ளைத்தாச்சி. வரும்போதே மூன்று ஸ்டேஷனாகத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறாள்.

“கடையில நான் நின்னுகினு கேட்டிருந்தா அவ சொல்லியிருப்பாளா?” என்றாள் அக்கா. “ஒரே பலகையில பக்கத்துல ஒக்காந்தாதான் சொல்லுவாங்க.” கடை வந்ததும், “அந்தப் பால்காரன போய்ப் பாத்துட்டு வரணும். பாவம், மாட்டு மேல சத்தியம் பண்ண வெச்சேன்” என்றாள். போய்ப் பார்த்துவிட்டும் வந்தாள்.

முற்றத்தில் கிணற்றுக்கு எட்டமாக, சுவர் மறைவாக இருந்தது ஒரே ஒரு மூலை. காபி அடுப்பு இருந்த மூலை. காபியை நிறுத்திவிட்டு அங்கே பெண்களுக்கு ஒரு கக்கூஸும், ஈரச் சேலை மாற்ற ஒரு மறைப்பும் கட்டப்போகிறேன் என்றாள். ஆம்பிளைகள் எல்லோரும் நின்றது அந்தக் காபிக்காகத்தான். புரட்டாசிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான்.

“அக்கா, இருக்கற நாலு பேரும் எதிர் ஓட்டலுக்குப் போயிடுவாங்க” என்றேன்.

“போவட்டும். காபி குடிச்சிட்டுப் பொண்டாட்டியத் தேடிக்கினு இங்கதான வருவாங்க.”

அதற்குப் பிறகு நடந்ததுதான் எல்லோருக்கும் தெரியாதது. அந்தக் காலத்தில் கக்கூஸ் என்றால் வாளிதான். யாராவது எடுக்க வேண்டும். கன்னியம்மா அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் அதுவரை பார்த்ததில்லை. சாயங்காலம் கிணற்றடியில் குடத்தை டங்கென்று வைத்தாள்.

“அக்கா, நான் தண்ணி ஊத்த வந்தவ. அதுக்கு வரல. எங்க ஆளுங்கன்னா அதுக்குன்னே பொறந்தவங்கன்னு நீயும் நெனச்சிருந்தா இப்பவே சொல்லிடு, போயிடறேன்.”

“யாரு உன்ன எடுக்கச் சொன்னா?” என்றாள் அக்கா.

“பின்ன யாரு எடுப்பாங்க? நீயா?”

“நான்தான். எனக்குத்தான கடை. நீ முன்னால ஒக்காந்து பெட்டிங்களப் பாத்துக்கோ. காச நீ வாங்கிப் போடு.”

கன்னியம்மா அவள் முகத்தையே பார்த்தாள். “நெஜமாவா?” என்றாள். “நெஜமாதான்மே, போயி அண்டாவப் பாரு, தண்ணி கொதிக்குது” என்றாள் அக்கா.

செய்தாள். அண்டா அடுப்பில் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு தடவையும் சாம்பல் போட்டு மூடி, விடியற்காலையில் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குழியில் கொட்டி மண் தள்ளிவிட்டு, குளித்துவிட்டு வந்து கடை திறப்பாள். தெருவில் ‘கக்கூஸ் கடை’ என்று பேர் வைத்தார்கள். கன்னியம்மா முன்னால் உட்கார்ந்து காசு வாங்குவதைப் பார்த்துவிட்டுச் சிலர் திரும்பிப் போனார்கள். அதையும் நான் வண்டியில் கேட்டு அக்காவிடம் சொன்னேன். “இதையும் சேத்துச் சொல்றியே” என்றாள். “கேட்டத எல்லாம் சொல்லச் சொன்னது நீதான” என்றேன். “சரி. கேட்டுக்கினேன். அவ அங்கதான் ஒக்காருவா” என்றாள்.

சேதி எல்லை தாண்டிப் போயிற்று. அண்ணன் வந்தார். வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. அந்தத் தடவை கேலி இல்லை.

“நம்ம ஜாதியில யாருனா செய்யற வேலையா இது? ஊர்ல எங்களால தலகாட்ட முடியல. உன் வீட்ல இனிமே யாரு சோறு துன்னுவாங்க?”

“துன்னாத” என்றாள் அக்கா.

அவ்வளவுதான் பேச்சு. அவர் அதே பஸ்ஸில் திரும்பிப் போனார். பின்னால் அவர் மகள் கல்யாணத்துக்கு அக்காவுக்குப் பத்திரிகை வரவில்லை. அத்தை முறைக்குக் கொடுக்க எடுத்து வைத்திருந்த புடவையை அக்கா பெட்டியிலிருந்து எடுத்து, கன்னியம்மாவின் மகள் வயதுக்கு வந்தபோது கொடுத்தாள். அதைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை.

புரட்டாசி முதல் சனிக்கிழமை கடை காற்றாடியது. நான் சொன்ன மாதிரியே ஆண்கள் எதிர் ஓட்டலுக்குப் போனார்கள். அக்கா அண்டாவுக்கு விறகு தள்ளிக்கொண்டே இருந்தாள். எனக்கும் அவளைப் பார்க்க முடியவில்லை, குதிரையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். ஆனால் அன்று வந்த கொஞ்சப் பெண்கள் ஊருக்குப் போய்ப் பேசியிருக்கிறார்கள். ஆற்றங்கரையில், நடவு வயலில், எங்கே பேசினார்களோ எனக்குத் தெரியாது. அந்தப் பேச்சும் என் காதில் விழவில்லை. அடுத்த சனிக்கிழமை புத்தூர், நகரி, திருத்தணி ரயில் வந்து நின்றபோது, மஞ்சள் துணி கட்டிக்கொண்டு இறங்கின பெண்கள் என்னிடமே வந்து கேட்டார்கள். “ஏம்பா வண்டி, பொம்பளைங்களுக்கு மறப்பு கட்டின கடையாமே, அது எங்க?” புருஷன்மார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

புரட்டாசி முடிவதற்குள் வீட்டுக்காரர் வந்தார். ஓட்டல்காரரும் கூடவே வந்தார், இடத்தை அளக்க. நான் வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தேன். முற்றத்துக்குப் போகிற சந்து முழுக்கப் பெண்கள். கையில் ஆளுக்கொரு தகர டப்பாவில் தண்ணீர். பாட்டி, மருமகள், இடுப்பில் பிள்ளை என்று வரிசை கிணற்றைச் சுற்றி ரோடு வரைக்கும் நின்றது. எல்லோரும் திரும்பி அந்த ரெண்டு பேரையும் பார்த்தார்கள். வீட்டுக்காரர் கால் அங்கேயே நின்றுவிட்டது. கையில் விசிறியும் நின்றுவிட்டது.

வரிசையில் ஒரு கிழவி கேட்டாள். “இன்னா நைனா, உனக்கும் வரணுமா? டப்பா எடுத்துகினு கடைசில நில்லு.”

கன்னியம்மா முன்பலகையில் உட்கார்ந்து சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். ஓட்டல்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்காரர் வேகமாக என் வண்டிக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, “ஒரேய், அவகிட்ட செப்பு. உண்டனீ. நேனு ஏமீ அனலேதுன்னு செப்பு” என்றார். இருக்கட்டும், நான் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல் என்றார். அவரையே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டேன். ஓட்டல்காரர் நடந்தே போனார். அதற்குப் பிறகு வீட்டுக்காரர் அந்த முற்றத்துக்குள் காலே வைத்ததில்லை. வாடகையைச் சித்தூரிலேயே வாங்கிக்கொண்டார்.

நான் போய்ச் சொன்னபோது அக்கா அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்து சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தாள். “செரி” என்றாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சாம்பல்தான் இருந்தது.

தை மாதத்தில் வாசல் பக்கம் ஒரு கொட்டகை இழுத்து மறுபடி காபி போட்டாள். அதே பொடி, அந்தப் பழைய பால்காரர் பால். பெண்கள் குடித்துவிட்டுக் கொடுத்த தம்ளர்களைக் கன்னியம்மா தட்டில் அடுக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒன்றிலிருந்தும் ஒரு சொட்டு விழவில்லை.

அதன் பிறகு ரொம்ப வருஷம் அந்தக் கடை நடந்தது. ஜட்கா போயிற்று, நான் ஊருக்குத் திரும்பி ஆடு வளர்த்தேன். பெரிய பெரிய கட்டடங்களில் குளியலறை எல்லாம் வந்த பிறகு அக்கா கடையை விட்டுவிட்டுச் சரோஜாவோடு சித்தூருக்குப் போனாள். போகிற வருகிற போதெல்லாம் பார்ப்பேன். கடைசியாகப் பார்த்தபோது காது கேட்கவில்லை அவளுக்கு. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சொல்லு, இன்னா பேசிக்கறாங்க?” என்றாள். ஒரு சேதியும் இல்லை அக்கா என்று கையால் காட்டினேன்.

சித்தூருக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். அண்ணன் வீட்டுப் பக்கமிருந்து ஒரு மாலை வந்திருந்தது. ஆள் வரவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. வராததற்குக் காரணமும் தெரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் பின்சீட்டில் பெண்கள் ஏதோ பேசிக்கொண்டு வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அதுதான் அன்று முழுக்க ஞாபகம் இருந்தது.

அவளிடமிருந்து என்னிடம் தங்கினது ஒரு பழக்கம். யாராவது வந்து, எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னாங்க என்றால், எல்லாரும்னா யார் யாரு என்று கேட்பேன். வீட்டில் இதற்காக என்னைத் திட்டுவார்கள். பஞ்சாயத்தில் ஒருமுறை கேட்டு எழுந்து போகச் சொன்னார்கள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

வீட்டுக்காரர் போய் ரொம்ப வருஷம் ஆகிறது. ஓட்டல்காரர், பால்காரர், அக்காவின் அண்ணன், எல்லோரும் போய்விட்டார்கள். இப்போது அக்கா. அக்கா போன சேதியை ஒருத்திக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் நடமாட்டம் இல்லாமல் படுக்கையில் இருக்கிறாள். அவள் பேரன் போனைக் காதில் வைத்தான். சொன்னேன்.

“குளிப்பாட்டினது யாரு?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. நான் வெளியே ஆம்பிளைகளோடு உட்கார்ந்திருந்தேன். சரோஜாவுக்குப் போன் செய்து கேட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியிலேயே துடைத்து, துணி சுற்றி அனுப்பிவிட்டார்களாம் என்றேன்.

“எனுக்குச் சொல்லியிருந்தா தூக்கினு வரச் சொல்லியாவது வந்திருப்பேன்” என்றாள். “தண்ணி காய வெச்சி ஊத்தியிருப்பேன். அந்த வாளிய எடுன்னு அவ என்ன ஒருநாளும் கேட்டதில்ல, தெரிமா உனுக்கு? நானே வந்து செஞ்சிருப்பேன்.”

அந்த முற்றத்தில் வேலை பார்த்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான், வரதய்யபாளையம் கன்னியம்மா.